சாக்லேட் லில்லியும் என் பல் பிரஷ்ஷும்

என் பல் பிரஷ்ஷை நான் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. உலகத்தில் எந்த மனிதனும் கொடுப்பதில்லை. ஆகவே இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலைமை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தது. ஓர் அக்டோபர் காலையில், சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டு முன்தோட்டத்தில், என் மனைவி கல்யாணி குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, என்னுடைய எலெக்ட்ரிக் பிரஷ்ஷை ஒரு பூவின் மேல் வைத்து விர்ரென்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னலுக்கு உள்ளே அலுவலக மீட்டிங்கில் இருந்தேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனுக்கு ஜன்னல்தான் துணை. மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

"அது என் பிரஷ்தானே?"

"கழுவித்தான் வெக்கிறேன்" என்றாள் கல்யாணி, தலையைத் திருப்பாமல்.

வைக்கிறேன் என்றால், இது முதல் நாள் இல்லை என்று அர்த்தம். ஒரு வாரமாக என் பிரஷ்ஷின் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறதே, ஈறில் ஏதாவது வியாதியோ என்று நான் பயந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மருந்தாளுநராக இருக்கும் மனைவியிடம் அதைக் கேட்கவும் செய்திருந்தேன். "நல்லா கொப்பளிங்க" என்று சொல்லியிருந்தாள்.

அவள் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் அவள்மேல் உங்களுக்கும் கோபம் வராது. எனக்கு வந்தது வந்ததுதான்.

கல்யாணி வெஸ்ட்மீட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வைட்டமின் டி குறைவு, வெயிலில் நில்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். நாள் முழுக்க மாத்திரை விற்பவள் தான் மட்டும் மாத்திரை போடமாட்டாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பாதையோரப் புல்வெளியில் களை பிடுங்கும் ஒரு குழுவில் போய்ச் சேர்ந்தாள். குழுவின் தலைவி ஹெலன் என்ற ஒல்லியான அம்மாள். மேற்கு சிட்னி முழுவதும் ஒரு காலத்தில் புல்லும் காட்டுப் பூவுமாகத்தான் இருந்ததாம். இப்போது அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு மிச்சம். அந்த ரயில் பாதையோரத் துண்டில் வசந்தத்தில் ஒரு பூ பூக்கும். புல் மாதிரி இலை, மெல்லிய நீளத் தண்டு, தலை குனிந்த ஊதா நிறப் பூ. வெயில் ஏறியதும் பக்கத்தில் போய் முகர்ந்தால் அசல் சாக்லேட் வாசனை. பெயரே சாக்லேட் லில்லிதான்.

அந்தத் துண்டின் வழியாக வடிகால் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஹெலன் அனுமதி வாங்கி அங்கிருந்த கிழங்குகளைத் தோண்டி எடுத்து, குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். கல்யாணிக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினாராம். நியாயமான தயக்கம். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை மூன்று முறை செத்திருக்கிறது. பிளாஸ்டிக் செடியைத் தவிர வேறெதையும் இவளிடம் ஒப்படைக்க முடியாது என்று எங்கள் வட்டாரமே பேசிக்கொள்ளும். சிநேகிதிகள் ஒருவருக்கொருவர் மல்லிகைக் கொம்பு கொடுத்துக்கொள்ளும்போது கல்யாணிக்கு மட்டும் கேசரி கொடுத்து அனுப்புவார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் சிரிக்க மாட்டாள்.

குளிர்காலம் முழுக்க மழை பெய்தது. குழுவில் மற்றவர்கள் கிழங்குக்கு உரம் போட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், கூரை கட்டினார்கள். எல்லாம் அழுகிப்போயிற்று. ஹெலன் வைத்ததும் அழுகியது. கல்யாணி முன்தோட்டத்து மேட்டில் குழி தோண்டி வைத்துவிட்டு மறந்தே போனாள். அந்தச் செடிக்கு வேண்டியது அதுதான் போலிருக்கிறது. செப்டம்பரில் புல் மாதிரி எழும்பி, தண்டு விட்டு, ஊதா ஊதாவாகப் பூத்துவிட்டது.

ஹெலன் வந்து பார்த்தார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அந்த இடத்துப் பூவில் உன்னிடம் இருப்பது மட்டும்தான் மிச்சம், கல்யாணி" என்றார். எங்கள் ஊர் மைதானத்துக்குப் பின்னால் நகரக் கவுன்சில் புதிதாக ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. டிசம்பரில் அங்கே விதைக்க வேண்டும். விதைக்காவிட்டால் இடத்தை விளையாட்டுத் திடலோடு சேர்த்துவிடுவார்கள். "விதை தருவாயா?" என்று ஹெலன் கேட்டார். "தருவேன்" என்று கல்யாணி சொன்னாள். செடியை நம்பி அவளிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை, கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

ஆனால் விதை சும்மா வராது. அந்தப் பூவின் மகரந்தம், நீலக்கோடு போட்ட ஒரு காட்டுத் தேனீ வந்து பூவைப் பிடித்துக்கொண்டு அதிர அதிர ரீங்காரம் போட்டால்தான் கொட்டும். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் காங்கிரீட், மீதி வீட்டுக்குச் செயற்கைப் புல். தேனீ எங்கிருந்து வரும்? "எலெக்ட்ரிக் பல் பிரஷ் இருந்தால் அதே அதிர்வு கொடுக்கலாம்" என்று ஹெலன் யோசனை சொன்னார். கல்யாணியிடம் இருந்தது சாதாரண பிரஷ். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் புது பிரஷ் வாங்கிக்கொண்டேன். பழையது தோட்டத்துக்குப் போனது. அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் பவளம் அன்ரி பூப்பறிக்க ஆரம்பித்தார்.

பவளம் அன்ரி பக்கத்து வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் திருச்சிக்காரர்கள், ஆன்ட்டி என்றுதான் சொல்வோம். ஆனால் அவர் கையால் புட்டும் சொதியும் சாப்பிட ஆரம்பித்த பிறகு எங்கள் வாயிலும் அன்ரி என்றே வருகிறது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதம் கல்யாணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஒரு நாள் விடாமல் அவர் வீட்டுக் குசினியிலிருந்து சாப்பாடு வந்தது. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய் "என் பூவைத் தொடாதீர்கள்" என்று எப்படிச் சொல்வது?

அதுவும் சாமிக்கு. காலையில் அன்ரி நடைக்குக் கிளம்பும்போது கையில் ஒரு ஷாப்பிங் பை இருக்கும். திரும்பி வரும்போது தெருவில் உள்ள செம்பருத்தி, ரோஜா எல்லாம் அதற்குள் இருக்கும். கேட்டுப் பறிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. பூ சாமியுடையது, செடி நின்ற வேலி மட்டும்தான் மற்றவருடையது என்பது அவருடைய கட்சி. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்புப் பிள்ளையார் இருக்கிறார். தெருவில் அவரைவிட அதிகப் பூ யாருக்கும் கிடைத்ததில்லை.

மற்றவர்கள் பூவை ஒவ்வொன்றாகக் கிள்ளுவார்கள். அன்ரிக்கு முழங்கால் வலி. குனிய முடியாது. ஆகவே நின்றபடியே எட்டி, சாக்லேட் லில்லியைத் தண்டோடு ஒடித்துவிடுவார். மேலே இரண்டு பூ, கீழே நேற்றும் முந்தாநாளும் பூத்து, பிரஷ் பட்டு, காய் பிடிக்க ஆரம்பித்த முடிச்சுகள், எல்லாம் சேர்ந்து பைக்குள் போய்விடும்.

கல்யாணி முதலில் ஒரு பலகை எழுதி நட்டாள். 'தயவுசெய்து பூப்பறிக்காதீர்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். மறுநாள் காலை அன்ரி பலகையை நின்று நிதானமாகப் படித்தார்.

"நல்ல வேலை செய்தாய் பிள்ளை" என்றார். "கண்ட கண்ட ஆக்கள் எல்லாம் புடுங்கிக்கொண்டு போகினம். ஒரு பயமே இல்லை." சொல்லிக்கொண்டே இரண்டு தண்டை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த யோசனை கல்யாணியுடையது. இதைப் பற்றி நான் இன்றும் பெருமைப்படுகிறேன். முகர்ந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது அல்லவா? அவள் அன்ரி வரும் நேரத்துக்குச் செடியருகே மண்டியிட்டு, ஒவ்வொரு பூவாக மூக்கருகே இழுத்து, தெருவே கேட்கும்படி முகர்ந்தாள். ஒரு பூவுக்கு மூன்று இழுப்பு.

அன்ரி வேலியோரம் வந்து நின்று பார்த்தார்.

"என்ன பிள்ளை, தடிமனோ?"

"இல்ல அன்ரி, ஜலதோஷமெல்லாம் இல்ல, வாசனை பார்க்கிறேன். எல்லாப் பூவையும் மோந்து பார்த்துட்டேன். சாக்லேட் வாசனை. நீங்களும் மோந்து பாருங்களேன்."

"சீ, நான் பூவை மணக்கிறேல்லை" என்று அன்ரி ஓர் அடி பின்னால் போனார். "எனக்கு நினைவு தெரிஞ்ச நாளில இருந்து ஒரு பூவையும் மணந்ததில்லை. மணந்தால் பிறகு சாமிக்கு என்னத்தை வைக்கிறது?" பிறகு செடியைச் சுற்றி நடந்து மறுபக்கம் போனார். "நீ மணந்தது அந்தப் பக்கம் தானே? நான் இந்தப் பக்கம் எடுக்கிறன்."

அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணிக்கு வரவில்லை. தண்டுகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. ஹெலன் ஒவ்வொரு ஞாயிறும் "காய் எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். "நல்லா இருக்கு" என்று இவள் பொய் சொல்லிவிட்டு வருவாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "கறிவேப்பிலை செத்தப்போகூட எனக்கு இப்படி இல்லைங்க. இது செத்தா அவ்வளவுதான், வேற எங்கயும் வாங்க முடியாது."

ஒரு சனிக்கிழமை காலை, இருந்ததிலேயே பெரிய தண்டை, காய் வரிசையாகப் பிடித்திருந்த தண்டை, அன்ரி ஒடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் காப்பியுடன் அரைக்கால் சட்டையோடு வெளியே ஓடினேன். இந்த விஷயத்தை முடித்துவைக்க என்னிடம் ஓர் அற்புதமான வழி இருப்பதாக அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

"அன்ரி, அந்தப் பூவெல்லாம் எச்சில் பட்டது!"

"என்ன தம்பி சொல்லுறீர்?"

"கல்யாணி அதை என் பல் பிரஷ்ஷால தேய்க்கிறா. காய் பிடிக்கிறதுக்காக. தினமும். ஆரம்பத்திலேர்ந்து."

அன்ரி கையில் இருந்த தண்டைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார்.

"புதுப் பிறஷோ?"

"ஒரு வருஷம் நான் பல் விளக்கினது."

அவர் தண்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அதை உடம்பில் படாமல் தூரப் பிடித்தபடி மெல்ல நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் காப்பியைக் குடித்து முடித்தேன். வெற்றி என்று நினைத்தேன்.

வெற்றி எப்படி இருந்தது என்றால், அன்று மாலை வடை வரவில்லை. மறுநாள் புட்டு வரவில்லை. அன்ரி எங்கள் வேலிப் பக்கமே வருவதை விட்டுவிட்டார்; நடைக்குக்கூடத் தெருவின் அந்தப் பக்கமாகப் போனார். கல்யாணி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். "பல நாளா எச்சில் பூவச் சாமிக்கு வெச்சிருக்கோம்னு அவங்க மனசு என்ன பாடுபடும்? நான் இத்தனை நாள் வாய மூடிட்டு இருந்தது எதுக்குன்னு நினைச்சீங்க?" என்று கேட்டதுதான் கடைசி. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பூப்பறிப்பது நின்றது என்னவோ உண்மை. மிச்சமிருந்த சில தண்டுகளில் காய்கள் பழுப்பாக முற்றத் தொடங்கின. கல்யாணி அவற்றை முட்டை அடைகாப்பது மாதிரிக் காத்தாள். இன்னும் சில நாளில் வெடித்துவிடும், அதற்குள் பறித்துவிட வேண்டும் என்று காகிதப் பை எல்லாம் எடுத்து வைத்தாள்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, தெரு முழுக்கக் கூச்சல். கொண்டை வைத்த வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் கூட்டமாக எங்கள் முன்தோட்டத்தில் இறங்கியிருந்தன. அந்தப் பறவைகளுக்குப் பசி என்று ஒன்று தனியாக இருப்பதாகத் தெரியவில்லை; எல்லாம் விளையாட்டு. ஒவ்வொரு தண்டாகக் கடித்து, நசுக்கி, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயின. நான் துடைப்பத்தோடு ஓடியபோது ஒன்று மட்டும் மிச்சத் தண்டை வாயில் வைத்துக்கொண்டு, கொண்டையை விரித்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பறந்தது. காய்களெல்லாம் ரோட்டோரத்தில் கூழாகக் கிடந்தன. ஒரு விதை தேறவில்லை.

கல்யாணி வந்து பார்த்தாள். பலகைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. "கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கே, அடுத்த வருஷம் வரும்" என்றேன்.

"அடுத்த வருஷம் இடம் இருக்காது. ஹெலன் கிட்ட நான் என்ன சொல்வேன்? என்கிட்ட குடுத்தா சாகும்னு எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்கு மட்டும்தான் தெரியாம இருந்துச்சு."

நசுங்கிய ஒரு தண்டைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தவள், சட்டென்று நிறுத்தினாள். மூக்கைத் துடைத்தாள்.

"ஏங்க, அன்ரி எப்பவும் தண்டோடதானே ஒடிப்பாங்க?"

"ஆமா. முழங்கால்."

"காயோட."

"காயோட."

"சாமிக்கு வெச்ச பழைய பூவ எல்லாம் அவங்க எங்க போடுவாங்க?"

எனக்குத் தெரியும். நிர்மாலியத்தைக் குப்பைத் தொட்டியில் போடுவது பாவம் என்று, அன்ரி அதையெல்லாம் ஒரு துணி அரிசிப் பையில் சேர்த்துவைப்பார். அந்தப் பையைத் தொங்கவிட அவர் வீட்டுக் கராஜ் உத்தரத்தில் கொக்கி அடித்துக் கொடுத்ததே நான்தான். காற்றோட்டமாக, காய்ந்த இடத்தில், உயரத்தில். பை நிறைந்ததும் மகன் சுஜீதன் காரில் கூட்டிப்போக, பரமட்டா ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

இருவரும் பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. கராஜ் திறந்திருந்தது. கொக்கி மட்டும் தொங்கியது.

சுஜீதனுக்குப் போன் போட்டேன். சூரிய மின்தகடு பொருத்தும் வேலை அவனுக்கு. சனிக்கிழமை அம்மாவுக்குச் சாரதி வேலை. "யா அங்கிள், ஆத்தங்கரையிலதான் நிக்கிறம்" என்றான். "அந்த எச்சில் பூவை இனி ஒரு நிமிஷமும் வீட்டில வச்சிருக்க ஏலாதெண்டு காலமையில இருந்து ஒரே சத்தம். ஐ டோல்ட் ஹர், தோட்டக் குப்பை போடுற கிரீன் பின்ல போடுங்கோ எண்டு. கேக்கிறா இல்லை."

"போட்டுட்டாங்களா?"

"தெரியேல்லை. நான் காருக்குள்ள இருக்கிறன். இதில எனக்குச் சம்பந்தம் இல்லை."

நான் அவ்வளவு வேகமாகக் கார் ஓட்டியதை அதற்கு முன்பும் பின்பும் கல்யாணி பார்த்ததில்லை. அவளே சொன்னாள். அந்தக் கோபத்துக்குப் பிறகு அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை.

ஆற்றோரப் பூங்காவில், 'குப்பை கொட்டினால் அபராதம்' என்ற பெரிய பலகைக்கு நேர் கீழே ஒரு பெஞ்சில் பவளம் அன்ரி உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை, நெற்றியில் திருநீறு. மடியில் அரிசிப் பை. அவர் முன்னால் நடைபாதையில் ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் நாயைப் பிடித்து நடக்கிறவர்களும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்ரி ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்துத் தலையசைத்து, அவர்கள் மறைவதற்குக் காத்திருந்தார். அதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார்.

எங்களைக் கண்டதும் பையை இறுக்கிப் பிடித்தார். ஆனால் கோபத்தைவிட அவருக்கு வேறு குறை பெரிதாக இருந்தது.

"வந்ததில இருந்து ஓடிக்கொண்டே இருக்கினம்" என்றார். "இந்த ஊரில ஒருத்தருக்கும் வேலை வெட்டி இல்லையோ?"

கல்யாணி அவர் காலருகே தரையில் உட்கார்ந்தாள். "அன்ரி, அந்தப் பையை எனக்குக் குடுங்க."

"உனக்கு விசரே பிள்ளை? சாமிக்கு வச்சது. அதுவும் எச்சில். உன்னட்டைத் தந்தால் எனக்கு இன்னும் பாவம்."

கல்யாணி எல்லாவற்றையும் சொன்னாள். ரயில் பாதை, குழாய், அழுகிய கிழங்குகள், ஹெலனுக்குக் கொடுத்த வாக்கு, காக்கட்டூ, எல்லாம். "அந்தப் பூவுல உலகத்திலேயே மிச்சம் இருக்கிற விதை உங்க மடியிலதான் அன்ரி இருக்கு" என்று முடிக்கும்போது மறுபடி அழுதுவிட்டாள். நானும் என் பங்குக்கு, "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அன்ரி, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அன்ரி ஆற்றின் பக்கம் திரும்பினார். இப்போது பார்த்து நடைபாதையில் ஒருவரும் இல்லை. எழுந்து வீசியிருந்தால் வீசியிருக்கலாம்.

"ஏன் பிள்ளை நீ எனக்கு முதலே சொல்லேல்லை?"

"எப்படி அன்ரி சொல்றது? நீங்க எங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்க."

"புட்டு வேற, பூ வேற" என்றார் அன்ரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்டு கேக்கிறன். ரெண்டு பேரும் உண்மையைச் சொல்லவேணும். உந்தப் பிறஷ் பட்ட பூ, நான் வச்ச முதல் நாளில இருந்தே அப்பிடியோ?"

"முதல் நாளிலேர்ந்தே" என்றேன்.

"அதுதான் எனக்கு விளங்கேல்லை. முழங்கால் ஆப்பரேஷனுக்கு வருஷக்கணக்கா வெயிட்டிங் லிஸ்டில கிடந்தனான். பிள்ளையாரிட்ட எத்தினை பூ வச்சிருப்பன், ரோசாப்பூ, செவ்வரத்தம்பூ, ஒண்டும் நடக்கேல்லை. உன்ர ஊதாப்பூ வைக்கத் தொடங்கின கையோட ஆஸ்பத்திரியில இருந்து போன் கோல் வந்திட்டுது. திகதி தந்திட்டினம். அதுதான் நான் விடாமல் ஒடிச்சது. பிறகு பாத்தால் தம்பி வந்து, எல்லாம் தன்ர வாய்க்குள்ள போன பிறஷ் எண்டுறார். அப்ப ஆப்பரேஷன் நல்லா நடக்குமோ நடக்காதோ? கோவத்தில தந்த திகதியோ, சந்தோஷத்தில தந்த திகதியோ? நித்திரை இல்லைப் பிள்ளை எனக்கு."

எனக்கு அந்த நிமிஷம் என்னையே பிடிக்கவில்லை. கல்யாணி அவர் முழங்காலில் கைவைத்தாள். அன்ரி அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"இப்ப இஞ்ச இருந்து யோசிச்சுப் பாக்கிறன்" என்றார் மெல்ல. "பிள்ளையாருக்கே ஒரு கொம்பு முறிஞ்சுதான் இருக்கு. வாயைத் திறந்தால் ஒத்தைப் பல்லு. அவர் போய்ப் பல்லு விளக்கிற பிறஷைக் கண்டு கோவிப்பாரோ?"

நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். கல்யாணி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அன்ரியும் சிரித்தார். ஓடிக்கொண்டிருந்த ஒருவன் என்னவென்று புரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

ஆனால் பை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. பிள்ளையார் விஷயம் தீர்ந்தாலும் சாஸ்திரம் தீரவில்லை.

"நிர்மாலியம் ஆத்தில போடலாம். இல்லாட்டி ஆக்கள் கால்படாத மண்ணில போடலாம். நீ விதைக்கிற இடத்தில ஒருத்தரும் மிதிக்க மாட்டினமோ?"

"வேலி போட்டிருக்கு அன்ரி."

"நாய்?"

"நாய்க்கும்தான் வேலி."

"அப்ப சரி. மண்ணில போடுறதுக்குத்தான் தாறன். உனக்கு இல்லை."

பெஞ்சிலேயே என் சட்டையைக் கழற்றி விரித்துப் பையைக் கொட்டினோம். காய்ந்த செம்பருத்தி, ரோஜா இதழ், அறுகம்புல், அவற்றுக்கு நடுவே எங்கள் தண்டுகள். காய்கள் நன்றாக முற்றி, காய்ந்து, வெடித்திருந்தன. பையின் அடியில் கருஞ்சீரகம் மாதிரி கறுகறுவென்று விதைகள். எங்கள் தோட்டத்தில் இருந்திருந்தால் எல்லாம் காக்கட்டூவின் வாய்க்குள் போயிருக்கும். கல்யாணி ஒன்றைக்கூட விடாமல் பொறுக்கினாள். அன்ரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் பொறுக்கினார்.

டிசம்பரில் விதைத்தார்கள். ஹெலன், "இவ்வளவு சுத்தமாக எப்படி உலர்த்தினாய்?" என்று கல்யாணியைக் கேட்டார். அவள் அன்ரியைக் கைகாட்டினாள். அன்ரி முதல் பிடியைப் போட்டார். கற்பூரம் கொளுத்துவேன் என்று பிடிவாதமாக நின்றவரை, காட்டுத்தீ எச்சரிக்கை நாளில் நெருப்புப் பற்றவைத்தால் ஜெயில் என்று நான்தான் தடுத்தேன். மறுவாரம் ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வந்தவருக்கு இந்த முறை எங்கள் வீட்டிலிருந்து சாப்பாடு போனது. சாம்பாரில் புளி போதாது என்று தினமும் செய்தி வந்தது.

முதல் வசந்தத்தில் புல்தான் வந்தது. இரண்டாவது வசந்தத்தில், போன மாதம், ஹெலன் போன் பண்ணினார். எல்லாம் பூத்துவிட்டது, ஒரு படுகை முழுக்க. கல்யாணி போனிலேயே கத்தினாள். ஆனால் ஹெலனுக்கு ஒரு கவலையும் இருந்தது. விடியற்காலையில் சேலை கட்டிய ஓர் அம்மாள், கையில் ஷாப்பிங் பையோடு, வேலிக்குள் போவதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனோம். கல்யாணி வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். "இந்தத் தடவை நேரா சொல்லிடுவேன். புட்டு வேற, பூ வேற." வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. படுகை முழுக்க ஊதா. நடுவில் பவளம் அன்ரி. பை அவர் கைத்தண்டையில் தொங்கியது.

அவர் குனிந்தார். புது முழங்காலோடு அவர் அப்படி முழுசாகக் குனிந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு தண்டைப் பிடித்தார். கல்யாணி "அன்ரி!" என்று ஓடினாள்.

அன்ரி தண்டை ஒடிக்கவில்லை. பூவை மூக்கருகே இழுத்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார். விட்டார். அடுத்த பூ. அதற்கும் அப்படியே. கை அடுத்ததுக்குத் தாவியது. வரிசையாக, ஒன்றையும் விடாமல், ஒரு படுகை பூவையும் அவர் முகர்ந்துகொண்டே போனார். பை காலியாகவே இருந்தது.

கல்யாணி அப்படியே நின்றுவிட்டாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு பூவையும் முகராதவர்.

அன்ரி எங்களைப் பார்த்து நிமிர்ந்தார். மூக்கு நுனியில் மஞ்சள் தூள். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது.

"மெய்யாவே சொக்லேட் மணக்குது பிள்ளை!" என்றார். "நான் நினைச்சன் நீ சும்மா சொல்லுறாய் எண்டு." பிறகு கையை வீசிப் படுகையைக் காட்டினார். "எல்லாத்தையும் மணந்திட்டன். இனி ஆரும் சாமிக்கெண்டு சொல்லிக்கொண்டு வந்து புடுங்க ஏலாது. என்னையும் சேத்துத்தான் சொல்லுறன்."

கல்யாணி அவரைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கியதை மறைக்க நான் படுகையைப் பார்ப்பது மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"தம்பி" என்று பின்னால் குரல் வந்தது. "இந்த முறை வண்டு குறைவா இருக்கு. உம்மட பிறஷைக் கொண்டு வந்தனீரோ?"